மாரிக்குப்பம்: சுரங்கம் மூடியும் மூடாத ரெயில் நிலையம்

விடிவதற்கு இன்னும் வெகு நேரம் இருக்கிறது. கோலார் தங்கவயலின் தென்கோடியில் உள்ள மாரிக்குப்பம் ரெயில் நிலையத்தில் மட்டும் விளக்கு எரிகிறது. குன்றுச் சரிவில் இருந்தும், பழைய சுரங்கத் தொழிலாளர் லயன்களில் இருந்தும் ஆட்கள் இரண்டு இரண்டு பேராக இறங்கி வருகிறார்கள். பெண்கள் தலையைச் சுற்றி முக்காடு போட்டிருக்கிறார்கள். கையில் சாப்பாட்டுத் தூக்கு. ஆண்களுக்குக் காதை மூடிய மப்ளர். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் அல்லவா, மார்கழி மாதத்தில் பல் கிட்டும்.

ரெயில் பெட்டிகள் புறப்பாட்டுக்குத் தயாராக நிற்கின்றன. ஏறியவர்கள் பேசுவதில்லை. பழகிய இடத்தில் உட்கார்ந்து, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, விட்ட தூக்கத்தைத் தொடர்கிறார்கள். இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கலாம். தூங்கி எழுந்தால் பெங்களூர்.

மாரிக்குப்பம் ஒரு சிறிய கிராமத்தின் பெயர். ஸ்டேஷனும் சிறியதுதான். பெரிய வண்டி எதுவும் இங்கே வருவது கிடையாது. தண்டவாளம் இதோடு முடிகிறது. ஆனால் தங்கவயலில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவதும் எரியாததும் இங்கிருந்து புறப்படும் சில வண்டிகள் நேரத்தைக் காப்பாற்றுவதைப் பொறுத்து இருக்கிறது.

பெயர்ப் பலகையில் ஒரு சரித்திரம்

இந்தக் கிளைப் பாதை பங்காருபேட்டையில் பிரிகிறது. நீளம் சுமார் 16 கிலோமீட்டர். பழைய கணக்கில் 10 மைல். பெங்களூரையும் ஜோலார்பேட்டையையும் இணைக்கும் பெரிய பாதை 1864-ம் ஆண்டே வந்துவிட்டது. அப்போது தங்கவயல் என்று ஓர் ஊர் கிடையாது. ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-ல் இங்கே வந்து தோண்டத் தொடங்கி, சில ஆண்டுகளில் தங்கம் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் மைசூர் சமஸ்தானம் இந்தக் கிளையைப் போட்டது. 1894-ல் வண்டி ஓடியது.

பிரயாணிகளை மனதில் வைத்துப் போட்ட பாதை அல்ல இது. சுரங்கத்தின் நீராவி இயந்திரங்களுக்கு நிலக்கரி வேண்டும், விறகு வேண்டும். சுரங்கத்துக்குள் முட்டுக் கொடுக்க மரம் வேண்டும். கப்பலில் வந்த கனரக இயந்திரங்களைக் கொண்டுவந்து இறக்க வேண்டும். மாட்டு வண்டியால் ஆகிற காரியமா? அதற்காகத்தான் குறுகிய பாதையாகப் போடாமல், பெரிய பாதையின் அதே அகலத்தில் போட்டார்கள். வந்த வாகன்களை வழியில் இறக்கி ஏற்றாமல் நேரே சுரங்க வாசலுக்குக் கொண்டுபோகலாம். அன்றைக்குச் செய்த இந்த ஒரு காரியம்தான் இன்றைக்கு மாரிக்குப்பத்தில் ஏறியவர் பெட்டி மாறாமல் பெங்களூர் சிட்டியில் இறங்குவதற்குக் காரணம். பக்கத்துக் கோலார் நகரம் இதற்கு நேர் எதிர். 1913-ல் குறுகிய பாதையைப் பெற்ற அந்த ஊர்க்காரர்கள், அகலப் பாதை வரும்வரை பல பத்தாண்டுகள் பங்காருபேட்டையில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். (கோலார் வேறு, கோலார் தங்கவயல் வேறு. முதல் தடவை வருகிறவர்கள் தவறான ஊரில் போய் இறங்குவது இன்றும் நடக்கிறது.)

ஸ்டேஷன் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தால் தங்கவயலின் கதை விளங்கும். பங்காருபேட்டையை அடுத்து கோரமண்டல். அது ஒரு பழைய தங்கச் சுரங்கக் கம்பெனியின் பெயர். பிறகு உரிகம். அதுவும் ஒரு சுரங்கம். அதற்கு அடுத்தது சாம்பியன். பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே போன, உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாகப் பெயர் பெற்ற சாம்பியன் ரீப் சுரங்கத்தின் பெயர். கடைசியில் மைசூர் சுரங்கத்தின் பக்கத்தில் மாரிக்குப்பம். கம்பெனிகள் போய்விட்டன, சுரங்கங்களில் தண்ணீர் நிறைந்து கிடக்கிறது. பெயர்கள் மட்டும் மஞ்சள் பலகையில் கன்னடத்திலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் நிற்கின்றன. நடுவில் பி.இ.எம்.எல். நகர் என்று ஒரு நிறுத்தம் உண்டு. 1964-ல் ஏற்பட்ட பொதுத்துறைத் தொழிற்சாலையின் பெயர் அது.

பங்காருபேட்டையின் பழைய பெயர் பவுரிங்பேட்டை. மைசூரில் 1860-களில் கமிஷனராக இருந்த பவுரிங் துரையின் பெயரால் ஏற்பட்டது. ஊர் பெயர் மாறி வெகு காலம் ஆகிறது. ஆனால் ரெயில்வே கணக்கில் அந்த ஸ்டேஷனுக்கு உரிய குறியீட்டு எழுத்துகள் இன்றைக்கும் பி.டபிள்யூ.டி.தான். டிக்கெட்டை உற்றுப் பார்க்கிறவர்கள் இதென்ன பொதுப்பணித் துறையா என்று கேட்பது உண்டு. பவுரிங் துரை அந்த எழுத்துகளில் ஒளிந்துகொண்டிருக்கிறார்.

சங்கு போய் ஹாரன் வந்தது

தங்கவயலுக்கு வேலை தேடி வந்தவர்களில் பெரும் பகுதியினர் தமிழர்கள். வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்தில் பஞ்சத்துக்கும் பண்ணையார் கொடுமைக்கும் தப்பி வந்த ஏழை விவசாயக் கூலிகள். தாழ்த்தப்பட்டவர்கள் மிகுதி. ஆந்திர எல்லையில் சித்தூர்ப் பக்கத்தில் இருந்து வந்தவர்களும் உண்டு. உச்ச நாளில் சுரங்கத்தில் மட்டும் சுமார் 30,000 பேர் வேலை செய்தார்கள். 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கத்தை இவர்கள் மேலே கொண்டுவந்தார்கள். 1902-ல் சிவசமுத்திரத்தில் இருந்து 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொடுத்தார்கள். பெங்களூர் நகரத்துக்கே அதற்கு மூன்று ஆண்டு கழித்துத்தான் மின்விளக்கு. ஆனால் அந்த மின்சாரம் போனது சுரங்கத்துக்கு. தண்டவாளத்தின் மேல் மின்கம்பி வர, அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் ஆயிற்று.

அந்த நாட்களில் ஊருக்கு நேரம் சொன்னது சுரங்கத்தின் சங்கு. சங்கு ஊதினால் ஒரு ஷிப்டு இறங்கும், ஒரு ஷிப்டு ஏறும். ரெயில் என்பது பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் சொந்த ஊருக்குப் போகிறவர்களுக்கு. ஜோலார்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் என்று மூட்டை முடிச்சோடு போவார்கள்.

சுரங்கம் 1956-ல் மைசூர் அரசின் கைக்கு வந்தது. 1962-ல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஏற்பட்டது. ஆழம் கூடக் கூடச் செலவு கூடியது. டன்னுக்குக் கிடைத்த தங்கமோ குறைந்தது. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன.

ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே நாளில் வருமானம் நின்றது. வேறு ஊராக இருந்தால் ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். இங்கே அப்படி ஆகவில்லை. காரணம் இந்த ரெயில். பெங்களூரில் வீட்டு வாடகைக்கு முன்பணம் கொடுக்க வழியில்லாதவனுக்கு, மாத சீசன் டிக்கெட் எடுக்க வழி இருந்தது. அப்பன் சுரங்கத்துக்குள் இறங்கினான்; மகனும் மகளும் ரெயிலில் ஏறினார்கள். துணி தைக்கும் ஆலை, ஒயிட்பீல்டு அலுவலகங்களில் துப்புரவு வேலை, காவல் வேலை, கட்டட வேலை, ஆஸ்பத்திரி ஆயா வேலை. படித்தவர்களுக்குக் கணக்கு எழுதும் வேலை, கம்ப்யூட்டர் வேலை. சங்கின் இடத்தை ரெயில் ஹாரன் பிடித்துக்கொண்டது.

பத்து நிமிடத்தின் விலை

மாரிக்குப்பத்தில் இருந்து பெங்களூர் சிட்டிக்குச் சுமார் 86 கிலோமீட்டர். ஒரு நாளைக்குப் போகவர 172 கிலோமீட்டர். வாரத்துக்கு ஆறு நாள் வேலைக்குப் போகிறவர் ஒரு மாதத்தில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் ரெயிலில் போகிறார். கன்னியாகுமரியில் இருந்து காஷ்மீருக்குப் போகிற தூரத்தைவிட அதிகம். இத்தனையும் சீசன் டிக்கெட்டில். 150 கிலோமீட்டர் வரைதான் சீசன் டிக்கெட் உண்டு என்பதால் தங்கவயல் அந்தக் கோட்டுக்குள் சௌகரியமாக அடங்கிவிட்டது.

மாரிக்குப்பத்தில் ஏறியவருக்கு இடம் நிச்சயம். சாம்பியனில் ஏறியவருக்கும் பெரும்பாலும் கிடைக்கும். உரிகம், கோரமண்டல் தாண்டினால் சந்தேகம். பங்காருபேட்டைக்கு வண்டி வரும்போது பிளாட்பாரம் முழுவதும் ஆள். பிறகு தியாக்கல், மாலூர், தேவன்கொந்தி. மாலூருக்கு அப்பால் கதவருகே நிற்பவர்கள் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறார்கள். அந்தச் சமயத்தில்தான் இந்த ரெயிலின் தனிப் பண்பாட்டைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிப் பெண்ணுக்கு யாரும் சொல்லாமல் இடம் கிடைக்கும். தினமும் சந்திக்கிறவர்களுக்குள் அக்கா, அண்ணா, சித்தப்பா என்று முறை ஏற்பட்டுவிட்டது. ஏலச் சீட்டு நடக்கும். ஒருவர் இரண்டு நாள் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் போன் போகும். கல்யாணப் பத்திரிகை பெட்டிக்குப் பெட்டி வைக்கப்படும். தமிழில் தொடங்கிய பேச்சு தெலுங்கில் நடந்து கன்னடத்தில் முடியும். மூன்றும் தெரியாதவர் தங்கவயலில் குறைவு.

இதெல்லாம் வண்டி ஓடும்வரை. நின்றுவிட்டால் பேச்சும் நின்றுவிடும்.

ரெயில்வேயில் எந்த வண்டிக்கு முதலில் வழிவிடுவது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. விபத்து நடந்த இடத்துக்குப் போகும் உதவி ரெயில் எல்லாவற்றுக்கும் முந்தியது. பிறகு மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகள். அவற்றுக்குப் பின்னால்தான் சாதாரணப் பாசஞ்சர் வண்டி. அதற்கும் கீழே சரக்கு வண்டி. பங்காருபேட்டையைத் தாண்டியதும் மாரிக்குப்பம் வண்டி சென்னை - பெங்களூர் பெரும் பாதையில் கலக்கிறது. காலை நேரம் அந்தப் பாதையில் சென்னையில் இருந்தும் கேரளத்தில் இருந்தும் இரவெல்லாம் ஓடிவந்த எக்ஸ்பிரஸ் வண்டிகள் வரிசையாகப் பெங்களூருக்குள் நுழையும் நேரம். எக்ஸ்பிரஸ் தாமதமாக வந்தாலும் அதற்கு வழிவிட்டாக வேண்டும். பாசஞ்சரை லூப் லைனில் ஒதுக்குவார்கள். ஜன்னல் வழியாக ஓர் எக்ஸ்பிரஸ் இரைந்துகொண்டு போகும். சிக்னல் விழாது, பின்னால் இன்னொன்று.

இதில் ஸ்டேஷன் மாஸ்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. கன்ட்ரோலில் இருந்து வரும் உத்தரவுப்படி அவர் செய்கிறார். கன்ட்ரோலில் உள்ளவர் வரிசைப்படி செய்கிறார். தவறு வேறு இடத்தில் இருக்கிறது. சென்னை, பம்பாய், கல்கத்தாவில் புறநகர் வண்டி என்று ஒன்று உண்டு. காலையிலும் மாலையிலும் வேலைக்குப் போகிற நேரத்தில் அதற்குத் தனிச் சலுகை. எக்ஸ்பிரஸ்கூடச் சிறிது பொறுத்துக்கொள்ளும். மாரிக்குப்பம் வண்டி செய்வது அதே புறநகர் வண்டியின் வேலைதான். ஆனால் அதற்குப் பெயர் பாசஞ்சர். பெயர் மாறாதவரை மரியாதையும் மாறாது.

லூப் லைனில் பத்து நிமிடம் நின்றால் ரெயில்வே கணக்கில் அது பத்து நிமிடம்தான். வண்டியில் இருப்பவர் கணக்கு வேறு. தையல் ஆலையில் கேட் மூடும் நேரத்துக்கு மேல் போனால் அரை நாள் சம்பளம் பிடிப்பு. ஒப்பந்த வேலைக்காரருக்கு, நேரத்துக்கு வரவில்லை என்றால் அவர் இடத்தில் வேறு ஆள். மாதத்தில் மூன்று தடவை அப்படி ஆனால் மேஸ்திரி முகம் கொடுத்துப் பேசமாட்டார். தங்கவயல் ஆள் என்றாலே, ரெயில் லேட் என்பார்களே என்று யோசிக்கிற முதலாளிகள் உண்டு. எக்ஸ்பிரசில் வருகிறவர் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் வீட்டுக்குப் போய் சேர்வதில் பத்து நிமிடம் குறைகிறது. அவ்வளவுதான்.

பஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. கர்நாடகத்தில் 2023 ஜூன் மாதம் முதல் பெண்களுக்குச் சாதாரண அரசு பஸ்சில் கட்டணமே கிடையாது. போகிற பெண்களும் உண்டு. ஆனால் கிருஷ்ணராஜபுரத்துக்கு வந்த பிறகு பஸ் எப்போது நகரும் என்பதை யார் சொல்ல முடியும்? ஆண்களுக்கோ தினசரி பஸ் கட்டணம் கட்டுப்படியாகாது. ஒரு நன்மை வந்திருக்கிறது. 2023-ல் மெட்ரோ ரெயில் ஒயிட்பீல்டுவரை நீண்டதால் பலர் ஒயிட்பீல்டிலோ கிருஷ்ணராஜபுரத்திலோ இறங்கி மாறிக்கொள்கிறார்கள். அதில் கொஞ்சம் நேரம் மிச்சம். செலவு கொஞ்சம் அதிகம்.

வண்டி நின்ற மாதங்கள்

கொரோனா பரவியபோது, 2020 மார்ச் 22-ந் தேதி இரவோடு நாடு முழுவதும் பிரயாணி ரெயில்கள் நிறுத்தப்பட்டன. இரண்டு மூன்று மாதத்தில் சில எக்ஸ்பிரஸ் வண்டிகள் ஓடத் தொடங்கின. ரிசர்வ் செய்தவர்களுக்கு மட்டும். சாதாரணப் பாசஞ்சர் வண்டிகளுக்கு மாதக்கணக்கில் உத்தரவு வரவில்லை. மாரிக்குப்பம் தண்டவாளம் துருப்பிடித்துச் சிவந்தது.

ஊரடங்கு தளர்ந்ததும் பெங்களூரில் ஆலைகள் திறந்தன, அலுவலகங்கள் திறந்தன. ரெயில் மட்டும் இல்லை. அப்போதுதான் தங்கவயலில் பலருக்குத் தெரிந்தது, தங்கள் வேலை பெங்களூரில் இல்லை, இந்தத் தண்டவாளத்தில் இருக்கிறது என்று. சிலர் நாலைந்து பேராகச் சேர்ந்து வாடகை வண்டி பிடித்தார்கள். சிலர் மோட்டார் சைக்கிளில் போனார்கள், 86 கிலோமீட்டர் போக, 86 கிலோமீட்டர் வர. வேலையை விட்டவர்களும் உண்டு. 2001-ஐப் பார்த்த முதியவர்களுக்கு இது இரண்டாவது தடவை.

வண்டிகள் திரும்ப வந்தபோது எண்ணுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் சேர்ந்திருந்தது. ஸ்பெஷல் வண்டி என்று அதற்கு அர்த்தம். பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று பள்ளியில் சொல்லித் தருவார்கள். ரெயில்வேயில் அதற்கு மதிப்பு இருந்தது. நாடெங்கும் பாசஞ்சர் வண்டிகளில் எக்ஸ்பிரஸ் கட்டணம் வாங்கினார்கள். குறைந்தபட்ச டிக்கெட் 10 ரூபாயில் இருந்து 30 ரூபாய் ஆயிற்று. பக்கத்து ஸ்டேஷனுக்குக் காய்கறிக் கூடையோடு போகிற கிழவிக்கும் 30 ரூபாய். 2024 பிப்ரவரி கடைசியில்தான் பழைய 10 ரூபாய் திரும்பி வந்தது. 2025 ஜூலையில் ரெயில் கட்டணங்களைத் திருத்தியபோது சீசன் டிக்கெட்டைத் தொடவில்லை. அதற்கு மாரிக்குப்பம் பிளாட்பாரத்தில் பெருமூச்சு விட்டவர்கள் பலர்.

கடைசி ஸ்டேஷன் நடு ஸ்டேஷன் ஆனால்

மாரிக்குப்பத்தில் இருந்து ஆந்திரத்தின் குப்பத்துக்குச் சுமார் 24 கிலோமீட்டருக்குப் புதுப் பாதை போடும் திட்டம் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அது முடிந்தால் தங்கவயலில் இருந்து ஜோலார்பேட்டைப் பக்கம் நேரே போகலாம். பங்காருபேட்டைக்கு வந்து சுற்ற வேண்டாம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பெண் எடுத்த குடும்பங்களுக்கு இது பெரிய சௌகரியம். 130 ஆண்டுகளுக்கு மேலாக முட்டுச் சந்தாக இருந்த ஸ்டேஷன் நாலு வண்டி கடந்துபோகும் ஸ்டேஷனாகும்.

சீசன் டிக்கெட்காரர்களுக்கு இதில் ஒரு கவலையும் இருக்கலாம். குப்பத்தில் புறப்பட்டு வரும் வண்டி மாரிக்குப்பத்துக்கு வரும்போதே நிரம்பியிருக்குமே! விடியற்காலைத் தூக்கம் போய்விடுமே! புதுப் பாதை வரும்போது மாரிக்குப்பத்தில் இருந்தே புறப்படும் வண்டிகளைக் குறைக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை இப்போதே கேட்டு வைப்பது நல்லது. பாதை திறந்த பிறகு கேட்டால் கால அட்டவணை அச்சாகிவிட்டது என்பார்கள்.

கண்டோன்மெண்டுக்கும் ஒயிட்பீல்டுக்கும் நடுவில் தடத்தை நான்காக்கும் வேலையும் நடக்கிறது. அது முடிந்தால் எக்ஸ்பிரசுக்கு ஒரு வழி, உள்ளூர் வண்டிக்கு ஒரு வழி என்று பிரிக்கலாம். பிரிப்பார்களா என்பது வேறு விஷயம். தடம் நான்கானாலும், வழிவிடும் வரிசையில் பாசஞ்சர் அதே இடத்தில் இருந்தால், நான்காவது தடத்திலும் ஓர் எக்ஸ்பிரசைக் கொண்டுவந்து விடுவார்கள்.

மாலையில் இதே கதை திரும்பி நடக்கிறது. பெங்களூரில் இருந்து எக்ஸ்பிரஸ்கள் புறப்படும் நேரத்தில் மாரிக்குப்பம் வண்டியும் புறப்படுகிறது. கிருஷ்ணராஜபுரத்தில் ஒரு கூட்டம், ஒயிட்பீல்டில் ஒரு கூட்டம். மாலூரில் கொஞ்சம் குறையும். பங்காருபேட்டையில் பாதி இறங்கும். அதன்பின் வண்டி இருட்டில் மெல்லப் போகிறது. ஜன்னலுக்கு வெளியே, நூறு ஆண்டு அரைத்துக் கொட்டிய சயனைடு மண்மேடுகள் நிலவில் வெளிறித் தெரிகின்றன. காற்றடித்தால் அந்தத் தூள் பெட்டிக்குள்ளும் வரும். தெரிந்தவர்கள் ஷட்டரை இறக்குகிறார்கள்.

மாரிக்குப்பத்தில் வண்டி நிற்கும்போது பெட்டிக்குப் பத்துப் பேர் இருந்தால் அதிகம். தூங்கிவிட்டவர்களை அடுத்த சீட்டில் இருந்தவர் தட்டி எழுப்புகிறார். சாப்பாட்டுத் தூக்கை மறந்து இறங்கிய ஒருவரை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். தெருவிளக்கு எரியாத லயன் பக்கம் போகிறவர்கள் செல்போன் வெளிச்சத்தில் குன்றின் மேல் ஏறிப் போகிறார்கள். காலை வண்டிக்கு இன்னும் ஆறு மணி நேரம்கூட இல்லை.